தொண்டையிலிருந்து சொன்னால் இதயம்

ஆயுள் முழுக்கச் சுமக்க வேண்டிய ஒன்றை, சுமக்கப்போகிற ஆளிடம் ஒரு வார்த்தை கேட்காமல் தலையில் ஏற்றிவிடுவது பெயர் விஷயத்தில் மட்டும்தான் நடக்கிறது. செருப்பு வாங்குவதென்றால்கூடக் காலைக் காட்டு என்கிறார்கள். பெயரை மட்டும், ஆள் பால் குடித்துவிட்டுக் கண் அயர்கிற நேரம் பார்த்துக் காதுக்குள் போட்டுவிடுகிறார்கள்.

என் பெயர் மூக்காண்டி. எனக்கு முன்னால் பிறந்த பிள்ளை தங்கவில்லை. நானாவது நிலைக்க வேண்டும் என்று மூக்கைக் குத்தி இந்தப் பெயரை வைத்தார்கள். அழகில்லாத பெயராக இருந்தால், ‘இது யாருக்கு வேணும்’ என்று எமன் விட்டுவிடுவானாம். எமன் விட்டுவிட்டான். பள்ளிக்கூடத்தில் பையன்கள் விடவில்லை. சார் வருகைப் பதிவில் என் பெயரைக் கூப்பிடும்போதெல்லாம் வகுப்பே சேர்ந்து மூக்கை உறிஞ்சும். (ஒருத்தன் உறிஞ்சினால் அடிக்கலாம். ஊரே உறிஞ்சினால் யாரைப் போய் அடிக்க?)

அதனாலோ என்னவோ, பெயர்கள் மேல் எனக்கு ஒரு பித்து பிடித்துக்கொண்டது. ஒருவரைப் பார்த்தால் எந்த ஊர், என்ன வேலை என்று கேட்கிற வழக்கம் எனக்கு இல்லை. பெயரைக் கேட்பேன். அந்தப் பெயர் எந்தப் பாஷையில் பிறந்தது, எந்தக் கப்பலில் வந்தது, நம் வாயில் விழுந்து எப்படி உருமாறியது என்று தோண்ட ஆரம்பித்துவிடுவேன். தச்சநல்லூரில் நான் வைத்திருப்பதோ பிளக்ஸ் அடிக்கிற கடை. காதுகுத்து, பூப்புனித நீராட்டு விழா, கண்ணீர் அஞ்சலி என்று வந்து விழுவதெல்லாம் பெயர்கள்தான். தீனிக்குக் குறைவில்லை.

தோண்டியதை எனக்குள் வைத்துக்கொண்டிருந்தால் இந்தக் கட்டுரைக்கு அவசியம் இருந்திருக்காது. நான் சொல்லிவிடுவேன். பாளையங்கோட்டையிலிருந்து மகன் கல்யாணத்துக்குப் பேனர் அடிக்க வந்த டெபோரா டீச்சரிடம், அவர் பெயருக்கு எபிரேய மொழியில் தேனீ என்று அர்த்தம் என்றேன். டீச்சருக்கு ஒரே சந்தோஷம். அந்தத் தைரியத்தில், அடுத்த வாரம் வந்த ஆறடி உயரப் பவுல் சாரிடம், “உங்க பேருக்குச் சின்னவர்னு அர்த்தம் சார், அதனாலதான் கத்தோலிக்கர்கள் தமிழ்ல சின்னப்பர்னு சொல்லுதாங்க” என்றேன். அவர் என்னை மேலிருந்து கீழே பார்த்தார். “அப்பம் என்னையச் சின்னப்பயன்னு சொல்லுதியோ?” என்று கேட்டுவிட்டு, பேனரை வேறு கடையில் அடித்துக்கொண்டார்.

பக்கத்துக் கடை யூசுப்பையும் விட்டுவைக்கவில்லை. மேலப்பாளையத்துக்காரன், பல வருஷம் சவூதியில் இருந்துவிட்டு வந்து மொபைல் கடை போட்டிருக்கிறான். என் சேக்காளி. யூசுப், ஜோசப், கடற்கரைப் பக்கம் வழங்குகிற சூசை, எல்லாம் ஒரே பெயர்தான் என்று அவனிடம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அப்பம் உவரி சூசையண்ணாச்சிக்கு வர்ற கல்யாணப் பத்திரிகைய நான் வாங்கிட்டுப் போயி பிரியாணி தின்னாலும் தப்பில்ல, அப்படித்தானவே?” என்றான். அறிவை மதிக்கத் தெரியாதவன் என்று அன்றைக்கு முடிவு செய்தேன். அந்த முடிவுதான் பின்னால் என் குடியைக் கெடுத்தது.

என் தங்கை வள்ளி முதல் பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். அவள் வீட்டுக்காரர் கண்ணன், விக்கிரமசிங்கபுரத்துப் பையன். அப்பா அங்கே நூல் மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கண்ணனுக்கு அப்போதுதான் மஸ்கட்டில் ஒரு கம்பெனியில் கணக்கு வேலை கிடைத்திருந்தது. பிள்ளைக்குக் கொஞ்சம் கழுத்து நின்றதும் தாயும் பிள்ளையும் அங்கே போய்விடுவதாக ஏற்பாடு.

பெண் குழந்தை பிறந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டே வள்ளி என்னைக் கூப்பிட்டாள்.

“அண்ணே, ஊரு பேரெல்லாம் ஆராய்ச்சி பண்ணுதேல்லா. எம்பிள்ளைக்கு ஒரு நல்ல பேரா நீயே பாரு. ஒன்னையப் பள்ளிக்கூடத்துல பண்ணுனாப்புல இவள ஒருத்தனும் கேலி பண்ணிரக் கூடாது.”

சொல்லும்போது அவள் சிரிக்கவில்லை. மூக்கை உறிஞ்சிய கூட்டத்துக்கு நடுவே நான் உட்கார்ந்திருந்ததைப் பக்கத்து வகுப்பு ஜன்னல் வழியாகப் பார்த்தவள் அவள். அந்த நிமிஷமே ஒரு சபதம் எடுத்தேன். உலகத்தில் எந்தப் பாஷையில் சொன்னாலும் ஒரு குறை சொல்ல முடியாத பெயராக வைக்க வேண்டும்.

(இதைப் போன்ற சபதம் எடுக்கிறவர்களைப் பக்கத்தில் இருப்பவர்கள் தடுக்க வேண்டும். எங்கள் வீட்டில் எல்லோரும் பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.)

ஜோசியர் ‘க’வில் ஆரம்பிக்கச் சொன்னார். அங்கிருந்து தொடங்கினேன். கனி என்ற பெயர் எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. எதற்கும் கேட்டுவிடுவோம் என்று, எதிர் வீட்டுக்கு டைல்ஸ் ஒட்ட வந்த பீகார் பையனிடம் கேட்டேன். அவன் சிரித்தான். கொஞ்சம் இழுத்துச் சொன்னால் இந்தியில் ஒற்றைக் கண்ணி என்று அர்த்தமாம். தள்ளினேன். கலா என்றால் நமக்குக் கலை. அதையே நீட்டினால் வடக்கே கறுப்பு. கிளாடியா என்று இங்கிலீஷ்காரன் ஆசையாக வைக்கிற பெயரின் வேரைத் தேடிப்போனால் லத்தீனில் நொண்டி. கால்வின் என்றால் வழுக்கை. எழுத்தை விட்டுவிட்டுத் தாரா என்று வைப்போமா என்று யோசித்தால், சமஸ்கிருதத்தில் நட்சத்திரமாக மின்னுகிற அந்தச் சொல், நாகர்கோவில் பக்கம் போனால் வாத்தாகிக் குளத்தில் நீந்துகிறது. தோண்டத் தோண்ட ஆச்சரியமாக இருந்தது. ஓர் ஊரில் மகாராணியாக இருக்கிற சொல், ஆற்றைத் தாண்டினால் எருமை மேய்க்கிறது.

கடைசியில் கிடைத்தது கல்பா.

கல்பவிருட்சம், கேட்டதெல்லாம் தருகிற தேவலோக மரம். கல்பம் என்றால் பல யுகங்கள் சேர்ந்த காலம் என்றும் ஒரு பொருள். சின்னப் பெயர், கேலியாகச் சுருக்க வழியில்லை. இணையத்தில் ஜப்பான் மொழி, பிரெஞ்சு மொழி, ஆப்பிரிக்காவின் சுவாஹிலி என்று ஒவ்வொன்றாகப் போட்டுத் தேடினேன். ‘ஒன்றும் கிடைக்கவில்லை’ என்றே வந்தது. ஒன்றும் கிடைக்கவில்லை என்றால் குற்றம் ஒன்றும் இல்லை என்றுதானே அர்த்தம் என்று எடுத்துக்கொண்டேன். உலகம் முழுக்கச் சல்லடை போட்ட எனக்கு, பிள்ளை போய் வளரப்போகிற ஊரில் என்ன பாஷை பேசுகிறார்கள் என்பது மட்டும் தோன்றவே இல்லை. பக்கத்துக் கடையில் அரபியில் சண்டை போடுகிற அளவுக்குத் தெரிந்த ஆள் இருந்தான். அவனுக்குத்தான் அறிவை மதிக்கத் தெரியாதே. விழாவில் தெரிந்துகொள்ளட்டும் என்று அவனிடம் சொல்லவில்லை. கண்ணனுக்காவது தெரிந்திருக்கலாம். ஆனால் அவர் ஆபீஸ் முழுக்க மலையாளிகள். அரபியில் அவருக்கு நன்றி சொல்கிற ‘சுக்ரன்’ என்ற ஒரு வார்த்தைதான் தெரியும்.

பெயர் வைக்கிற நாள் வந்தது. எங்கள் தெரு முனையில், ஆள் உயர எழுத்தில் ‘கல்பா’ என்று பிளக்ஸ் கட்டினேன். பின்னணியில் ஒரு தங்க மரம். கீழே, ‘பொருள்: கேட்டதெல்லாம் தரும் தேவமரம். ஆராய்ச்சி: தாய்மாமன் மூக்காண்டி.’

கண்ணன் லீவில் வந்திருந்தார். விக்கிரமசிங்கபுரத்திலிருந்து அவர் வீட்டார் வேன் பிடித்து வந்து இறங்கினார்கள். கண்ணனின் அப்பாவை நான் மாமா என்று கூப்பிடுவேன். அவர் பிளக்ஸை அண்ணாந்து பார்த்தார். “பெருசா இருக்கு” என்றார். பாராட்டு என்று நினைத்து நான் நன்றி சொன்னேன்.

நல்ல நேரத்தில் பிள்ளையின் காதில் பெயரைச் சொன்னார்கள். அதோடு விட்டிருக்கலாம். நான் மைக்கை வாங்கினேன். பெயர் என்றால் என்ன என்பதில் ஆரம்பித்து, டெபோரா டீச்சர் தேனீயானது, யோவானும் யஹ்யாவும் அருளப்பனும் ஒன்றே என்பது எல்லாம் சொல்லி, கல்பாவுக்கு வந்து சேர்வதற்குள் சமையல்காரர் வந்து சாம்பார் ஆறுது என்று சைகை காட்டிவிட்டுப் போனார். “உலகத்துல எந்த மூலைக்குப் போனாலும் இந்தப் பிள்ளை தலை நிமிர்ந்து தன் பேரைச் சொல்லலாம்” என்று முடித்தேன். வள்ளி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்கும் லேசாக ஈரம்.

முதல் பந்தி உட்கார்ந்த நேரத்தில் யூசுப் வந்தான். ஜிப்பா போட்டு, அத்தர் பூசி, கையில் பிள்ளைக்குக் கவுன் பார்சல். ஆனால் முகம் சரியில்லை. என் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தான்.

“மூக்காண்டி, ஒரு நிமிசம் இங்கன வாரும்.”

“மொதல்ல சாப்பிடும்வே.”

“தெரு முனையில பிளக்ஸ் பாத்தேன்.”

“எப்படி இருக்கு?”

“அதப் பத்தித்தான் பைய ஒரு விசயம் சொல்லணும்.”

“பாராட்டெல்லாம் அப்புறம்” என்று அவனைத் தள்ளிக்கொண்டு போய் இலை முன்னால் உட்கார வைத்தேன். அப்போது பார்த்துக் கண்ணனின் போன் அடித்தது. மஸ்கட்டிலிருந்து அவருடைய மேனேஜர். வெள்ளை அங்கி, பூவேலை செய்த தொப்பி, மலர்ந்த முகம், ஓமன்காரர். லீவு கொடுத்த மனுஷன், வாழ்த்துச் சொல்ல வீடியோவில் வந்திருந்தார். கண்ணன் பிள்ளையைத் தூக்கிக் காட்டினார்.

“ஸார், மை டாட்டர். கல்பா.”

மேனேஜரின் சிரிப்பு அப்படியே நின்றது. “கல்பா?” என்றார்.

“எஸ் ஸார். கல்பா.”

அவருக்குச் சரியாகக் கேட்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, சுற்றி நின்ற சின்னப் பிள்ளைகளுக்கு நான் கண் காட்டினேன். காலையிலிருந்து பழக்கி வைத்திருந்தேன். எல்லாம் ஒரே குரலில் “கல்பா, கல்பா” என்று கத்தின. போனுக்குள்ளே யாரோ களுக்கென்று சிரிக்கிற சத்தமும், ஒரு கதவைச் சாத்துகிற சத்தமும் கேட்டன. மேனேஜர் தொப்பியைச் சரிசெய்துகொண்டார். மாஷா அல்லா, குழந்தை ரொம்ப அழகு என்று ஆங்கிலத்தில் சொன்னார். பிறகு மிகவும் மென்மையாக, வேறு ஏதாவது பெயர் யோசித்து வைத்திருக்கிறீர்களா என்று கேட்டார்.

“நோ ஸார். ஒன்லி கல்பா” என்றார் கண்ணன்.

நான் போனை வாங்கி, அது ஒரு தெய்வீக மரம் என்று என் ஆங்கிலத்தில் விளக்கினேன். “ட்ரீ,” என்றார் அவர். “யெஸ். ட்ரீ இஸ் குட்.” போன் அணைந்தது.

திரும்பிப் பார்த்தேன். யூசுப் சோற்றில் கை வைக்காமல் உட்கார்ந்திருந்தான்.

“அதத்தான் சொல்ல வந்தேன்,” என்றான் பைய. பைய சொன்னாலும் பந்தி முழுக்கக் கேட்டது. “அரபியில அதுக்கு நாய்னு அர்த்தம்வே. அதுவும் பொட்ட நாய்.”

அப்பளம் நொறுங்குகிற சத்தம் நின்றது. எனக்கு அந்த நேரத்தில்கூட மூளை ஆராய்ச்சிப் பக்கம்தான் ஓடியது. “அது எப்படி, நான் சொல்லுதது பானால்லா?” என்றேன். யூசுப் தலையாட்டினான். “பம்பாய்க்கு வர்ற பானாதான் அவங்கட்ட உண்டு. பழத்துக்கு வர்ற பானா அந்தப் பாஷையிலயே கெடையாது. போதாததுக்கு, நீங்க எல்லாரும் சொல்லுததும் பம்பாய் பானாதான்.” கண்ணை மூடி ஒருமுறை எனக்குள் சொல்லிப் பார்த்தேன். உண்மை. பம்பாய்.

கண்ணனின் அப்பா இலையிலிருந்து எழுந்துவிட்டார். பாதிச் சாப்பாட்டில் சம்பந்தி எழுவதென்றால் என்ன என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அவருக்குப் பின்னால் விக்கிரமசிங்கபுரத்துப் பந்தி முழுக்க எழுந்தது. வள்ளி பிள்ளையை மார்போடு அணைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். “அங்க பள்ளிக்கூடத்துல தெனமும் கூப்பிடுவாங்கல்லாண்ணே” என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

எதையாவது சொல்லி நிலைமையைச் சமாளிக்க வேண்டும் என்று தோன்றியது. தோன்றியிருக்கக் கூடாது.

“மாமா, சீனாவுல கிராமங்கள்ல பிள்ளைக்கு நாய்னு செல்லப் பேரு வைக்கிற வழக்கம் உண்டு. கண்ணு படாதுன்னு ஒரு நம்பிக்கை.”

அவர் கையைக் கழுவாமல் அப்படியே நின்றார். “ஏந் தம்பி, பிள்ளைய மஸ்கட்டுக்குக் கூட்டிட்டுப் போகாம சீனாவுல கொண்டு போயி வளக்கச் சொல்லுதியளா?”

யூசுப்புக்கு என் மேல் இரக்கம் வந்துவிட்டது. “ஒரு வழி இருக்கு,” என்றான். “அரபியில கானா ரெண்டு உண்டு. நாக்குலேருந்து சொன்னாத்தான் நாய். தொண்டையிலேருந்து சொன்னா கல்ப்புன்னா இதயம்.”

எனக்கு உயிர் வந்தது. இதயம். எவ்வளவு அழகான அர்த்தம். மறுபடி மைக்கை எடுத்தேன். “எல்லாரும் ஒரு நிமிஷம் நில்லுங்க. யூசுப் சொல்லித் தருவாரு. தொண்டையிலேருந்து சொல்லிப் பழகிட்டா பிரச்சினையே இல்ல.”

யூசுப் சொல்லிக் காட்டினான். கிணற்றுக்குள் கல் விழுந்தது போல ஆழத்திலிருந்து வந்தது. நாங்கள் முயன்றோம். கண்ணன் சொன்னதைக் கேட்டுக் குழந்தை அழுதது. என் சித்தப்பாவுக்குப் புரை ஏறி, இரண்டு பேர் முதுகில் தட்ட வேண்டியதாயிற்று. கை கழுவ எழுந்த சம்பந்தி வீட்டுப் பெண்கள் வாய்க்குள் தண்ணீரை வைத்துக்கொண்டு முயன்றார்கள். கல்யாண மண்டபத்துக் குழாயடியில் ஐம்பது பேர் ஒரே நேரத்தில் பல் விளக்கினால் என்ன சத்தம் வருமோ, அந்தச் சத்தம் எங்கள் பந்தலில் எழுந்தது. ஒருத்தருக்கும் இதயம் வரவில்லை. எல்லோருக்கும் நாய்தான் வந்தது. வெளியே தெருவில் போனவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

முதலில் சிரித்தது வள்ளிதான். அழுதுகொண்டிருந்தவள், சித்தப்பா இருமி முடித்து மறுபடி விடாப்பிடியாக முயன்றதைப் பார்த்ததும் அடக்க முடியாமல் சிரித்துவிட்டாள். ஆனால் மாமா சிரிக்கவில்லை. என் கையிலிருந்த மைக்கை வாங்கி அணைத்து நாற்காலியில் வைத்தார்.

“எங்க குடும்பத்துல மூத்த பொம்பளப் பிள்ளைக்கு எங்க அம்மன் பேருதான், இசக்கி. நீங்க பெரிய ஆராய்ச்சி பண்ணுதியன்னு கண்ணன் சொன்னான். சரி, படிச்ச பிள்ளைக, ஸ்டைலா வைக்கட்டும்னு நாங்க வாயத் தொறக்கல.” கண்ணனிடம் திரும்பினார். “அந்த மேனேஜரத் திருப்பிக் கூப்பிடு. இசக்கின்னா அவுக ஊர்ல என்ன அர்த்தம்னு கேளு. இதுவும் ஏதாவது மிருகமா இருந்துரப் போவுது.”

எல்லோரும் போனைச் சுற்றி நின்றோம். மேனேஜர் இந்த முறை கொஞ்சம் தயங்கித்தான் எடுத்தார். கண்ணன், “ஸார், நேம் சேஞ்ச். இசக்கி” என்றார்.

“இஸ்ஹாக்கி?” மேனேஜர் முகம் விளக்குப் போட்டது போல மாறியது. இஸ்ஹாக் எங்கள் நபி ஒருவரின் பெயராயிற்றே, அந்தப் பெயரில் இங்கே நல்ல நல்ல குடும்பங்கள் உண்டு, மிக நல்ல பெயர், இதையே வையுங்கள் என்று மூச்சுவிடாமல் சொன்னார். யூசுப்பும் தலையாட்டி ஆமோதித்தான்.

எனக்கு நாக்கு துடித்தது. இசக்கி என்பது இயக்கி, யட்சி என்ற சொற்களின் வழியில் வந்தது. இஸ்ஹாக்குக்கும் இதற்கும் ரத்த சம்பந்தம் கிடையாது. ஆனால் அந்த இஸ்ஹாக், பைபிளில் ஈசாக்கு, எபிரேயத்தில் அந்தப் பெயருக்கே ‘அவன் சிரிப்பான்’ என்றுதான் அர்த்தம். எங்கோ பிறந்த இரண்டு பெயர்கள் தச்சநல்லூரில் ஒரு பந்தலுக்குள் வந்து கைகுலுக்குகின்றன. இவ்வளவையும் சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தேன். வள்ளி பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன். என் வாழ்க்கையில் சொல்லாமல் விட்ட முதல் விளக்கம் அது.

பிள்ளையின் காதில் இசக்கி என்று மாமாவே சொன்னார். விக்கிரமசிங்கபுரத்துப் பந்தி திரும்ப உட்கார்ந்தது. புது இலை போட்டு, பாயசத்தை நானே வாளியோடு தூக்கிப் பரிமாறினேன். மாமா இலையில் ஊற்றும்போது, “போதும் தம்பி,” என்றார். கொஞ்சம் பொறுத்து, “இந்தப் பாயாசத்துக்குப் பேரு ஒண்ணும் வச்சிரலல்லா?” என்றார். அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது.

பிளக்ஸை அன்று மாலையே யூசுப்பும் நானும் அவிழ்த்து, எழுத்து உள்பக்கம் இருக்கும்படி மடித்தோம். ஆனால் ஆள் உயரத்துக்கு எழுதிய பெயர் அப்படி எளிதில் போய்விடுமா? வேனில் திரும்பிப் போன சம்பந்தி வீட்டுப் பிள்ளைகள், நான் பழக்கிவிட்டதை வழியெல்லாம் கத்திக்கொண்டு போயிருக்கிறார்கள். அம்பாசமுத்திரம் தாண்டுவதற்குள் அது என் மேல் ஒட்டிக்கொண்டுவிட்டது. அந்த வீட்டில் இன்றுவரை எனக்குக் கல்பா மாமா என்றுதான் பெயர். கல்யாணப் பத்திரிகை வைக்க வந்தால்கூட, “கல்பா மாமா வீடு இதுதான?” என்று தெருவில் விசாரித்துக்கொண்டு வருகிறார்கள்.

போன வருஷம் மஸ்கட்டுக்குப் போயிருந்தேன். இசக்கி இப்போது இரண்டாம் வகுப்பு. அரபி தண்ணீர் பட்ட பாடு. பெயரைச் சொன்னால் டீச்சர்கள் அன்பாகச் சிரிக்கிறார்களாம். ஒரு சாயங்காலம் எல்லோரும் பெரிய கடைக்குப் போனோம். பேரீச்சம்பழத்தில் இத்தனை வகையா, ஒவ்வொன்றுக்கும் என்ன பெயர், ஏன் அந்தப் பெயர் என்று பார்த்துக்கொண்டே நின்றதில் நான் பின்தங்கிவிட்டேன். கடையின் அந்தக் கோடியிலிருந்து, அந்த ஊர் உச்சரிப்பில் சுத்தமாக, இசக்கியின் குரல் வந்தது.

“கல்பா மாமா... கல்பா மாமா... இங்கன வாங்க.”

வண்டி தள்ளிக்கொண்டிருந்தவர்கள் அப்படியே நின்றார்கள். பில் போடுகிற பையன் எழுந்து பார்த்தான். வெள்ளை அங்கி போட்ட ஒரு பெரியவர் குரல் வந்த திசையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, மிகுந்த இரக்கத்தோடு தன் வண்டியை ஒதுக்கி எனக்கு வழிவிட்டார்.

நான் போனேன். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் போகத்தானே வேண்டும்.